எட்டாத இடத்து எண்ணெய்ப் பிசுக்கு

நம் சங்க மலரில் கோயில் பற்றியும் பயணம் பற்றியும் அன்பர்கள் அழகாக எழுதி வருகிறார்கள். அடியேன் எழுத வந்திருப்பது அடுப்பங்கரையைப் பற்றி. அதிலும் யார் கண்ணிலும் படாத இடங்களைப் பற்றி: அலமாரியின் தலை, எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கை, சிம்னியின் வலை, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடுக்கு. ரயில்வேயில் முப்பத்தேழு ஆண்டுகள் டீசல் என்ஜின்களோடு உழன்றுவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல்கிறேன்.

2022 அக்டோபர், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. போபாலில் அந்த நாட்களில் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஸஃபாய் நடக்கும். நாம் போகிக்குச் செய்வதை இவர்கள் தீபாவளிக்குச் செய்கிறார்கள். நாற்பது வருடம் இந்தப் பக்கம் இருந்துவிட்டதால் எங்கள் வீட்டிலும் இரண்டு முறை நடக்கும். "ஏங்க, அந்த எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு தடவை இறக்கிக் குடுங்க" என்று என் மனைவி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்பது என் பதில். ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

புதன்கிழமை காலை நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒரு பக்கம், சோப்புத் தண்ணீர் வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. புனேயிலிருந்து மகன் தொலைபேசியில் விசாரித்தபோது, "ஸ்டூல் வழுக்கிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னாள். இரண்டு வாரம் கேட்டுப் பார்த்த கதையைச் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

அன்று மாலை, அவள் பாதியில் விட்ட வேலையை முடிக்கலாம் என்று நான் சமையலறைக்குள் போனேன். ஏணியில் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை. நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். நிமிர்ந்து பார்த்தேன். சுவர் ஓடுகளில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே எல்லாம் பளிங்கு மாதிரி சுத்தம். மேலே பழுப்பு நிறத்தில் பிசுக்கு. அலமாரிக் கதவிலும் அதே உயரத்தில் அதே கோடு. ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு பெண்மணி குதிகாலை உயர்த்திக் கையை நீட்டினால் எட்டும் இடம் அது. அதற்கு மேல் உள்ளதற்கு அவள் ஸ்டூல் போட வேண்டும். எனக்குக் கையை உயர்த்தினால் போதும். இத்தனை வருடமாக அந்த அறைக்குள் தண்ணீர் குடிக்கப் போய் வந்திருக்கிறேன். அந்தக் கோட்டை நான் பார்த்ததில்லை.

நான் செய்த முதல் தவறு

என்ஜின் பாகங்களில் ஏறிய எண்ணெய்க் கசடை ஷெட்டில் எப்படி எடுப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீர்த் தொட்டியில் இறக்கி ஊறவைப்பார்கள். எடுத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் இரும்பு புதிது போல வரும். அதே வித்தையைக் காட்டலாம் என்று பெயிண்டுக் கடையில் காஸ்டிக் சோடா வாங்கி வந்து, வாளியில் வெந்நீரில் கரைத்து, சிம்னியின் வலையைக் கழற்றி உள்ளே போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் வாளி பொங்க ஆரம்பித்தது. மூக்கைத் துளைக்கும் ஆவி. கையில் கட்டோடு என் மனைவி வந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, உலை கொதிக்கிற மாதிரி சத்தம் வருது?" என்றாள். கோலால் வலையைத் தூக்கினேன். பிசுக்கு போயிருந்தது. வலையிலும் பாதி போயிருந்தது. மீதி கறுத்து, தொட்டால் உதிர்ந்தது.

அந்த வலை அலுமினியம். அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தைக் காஸ்டிக் கரைத்துவிடும். பிறகு உலோகத்தையே தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியே விடும். பொங்கியது அதுதான். பக்கத்தில் அடுப்பு எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்காமல் இருப்பது நல்லது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உஸ்தாத் என் கையிலிருந்து ஓர் அலுமினிய உதிரியைப் பிடுங்கி வைத்துவிட்டு, இது இந்தத் தொட்டிக்குப் போகாது என்று சொல்லித் தந்த பாடம் இது. ஷெட்டில் ஒரு நாளும் மறக்கவில்லை. வீட்டில் மறந்துவிட்டேன். சமையலறை வேலைக்கு யோசனை தேவையில்லை என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

புது வலை வாங்கினேன். அதன் பிறகு இந்த விஷயத்தைப் பொறியாளனாக உட்கார்ந்து யோசித்தேன். அதன் பலனைத்தான் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பிசுக்கு எங்கிருந்து வருகிறது?

வடை பொரிக்கும் எண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரி சூட்டில் இருக்கிறது. மாவில் உள்ள தண்ணீர் நொடியில் ஆவியாகி வெடித்து வெளியேறும்போது, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளைத் தன்னோடு தூக்கிச் செல்கிறது. தாளிக்கும்போதும் அப்படியே. சூடான காற்று மேலே போகும். மேலே குளிர்ந்த இடத்தைத் தொட்டதும் எண்ணெய் அங்கே படியும். ஆகவேதான் பரணின் அடிப்பாகம், ட்யூப் லைட்டின் முதுகு, கதவு நிலையின் தலை, கொசுவலை, ஃபேன் இறக்கை, ஃபிரிட்ஜின் உச்சி ஆகிய இடங்களில் பிசுக்கு அதிகம். அதன் மேல் தூசி ஒட்டும். தூசி மேல் மறுபடி எண்ணெய்.

இது புதிதாக இருக்கும்போது வெறும் எண்ணெய்தான். சோப்புத் துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் மாதக் கணக்கில் விட்டால் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் எண்ணெய் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. முதலில் பசை, பிறகு அரக்கு, கடைசியில் வார்னிஷ். ஆளி விதை எண்ணெயிலிருந்து பெயிண்டும் வார்னிஷும் செய்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். நம் அலமாரித் தலையில் நாமே அறியாமல் பெயிண்டு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி காய்வதில்லை. ஓர் எண்ணெய் எவ்வளவு காயும் என்பதை அதன் அயோடின் எண் ஓரளவு காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-க்கு அருகில், கடலை எண்ணெய்க்கு 90, நல்லெண்ணெய்க்கு 110, சோயா எண்ணெய்க்கு 130, ஆளி விதை எண்ணெய்க்கு 180 என்ற அளவில் இருக்கும். மத்தியப் பிரதேசம் சோயா விளையும் பூமி. இங்கே வந்த பிறகு நம்மில் பலர் பொரிப்பதற்குச் சோயா எண்ணெய்க்கு மாறிவிட்டோம். "ஊரில் அம்மா வீட்டில் இவ்வளவு ஒட்டாதே" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அவள் ஊர் நாகர்கோவில் பக்கம், எல்லாம் தேங்காய் எண்ணெய். தண்ணீரின் குறை என்று நான் சொல்லி வந்தேன். அவள் கவனித்தது சரி, நான் சொன்ன காரணம் தவறு.

எடுக்கும் வழி

சுத்தம் செய்வதற்கு நான்கு கைகள் உண்டு: நேரம், சூடு, ரசாயனம், தேய்ப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். எட்டாத இடத்தில் தேய்க்க முடியாது. ஸ்டூலில் நின்று தேய்ப்பதுதான் ஆபத்து. ஆகவே தேய்ப்பைக் குறைத்து மற்ற மூன்றையும் கூட்டுங்கள். பிசுக்கை ஊறவிட்டு இளக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரம் கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது. சோப்புத் தொழிற்சாலையில் நடப்பதும் அதுவே. நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தார்கள். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. சீயக்காயில் நுரைக்கும் சத்து இருக்கிறது. இன்று நமக்குக் கிடைப்பது சலவைச் சோடா. சமையல் சோடா வேறு, இது வேறு. சமையல் சோடாவின் காரம் மிகக் குறைவு. பழைய பிசுக்குக்கு அது போதாது.

ஒரு லிட்டர் பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்துகொள்ளுங்கள். கையில் ரப்பர் உறை, கண்ணில் கண்ணாடி அவசியம். பழைய வேட்டித் துண்டை நனைத்து லேசாகப் பிழிந்து சுவர் ஓட்டின் மேல் அப்படியே ஒட்டிவிடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் காயாது. இருபது நிமிடம் போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வாருங்கள். துண்டை எடுத்து, காலாவதியான வங்கி அட்டையால் வழித்தால் பிசுக்கு சுருண்டு வரும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். சோடா தங்கினால் வெள்ளை பூக்கும்.

இந்த முறை ஓடு, கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவற்றுக்கு. அலுமினியத்துக்குச் சலவைச் சோடாவும் ஆகாது, கறுத்துவிடும். பெயிண்டு அடித்த சுவருக்கும் கதவுக்கும் கூடாது. மேலே சொன்னபடி எண்ணெய்ப் பெயிண்டும் பிசுக்கும் ஒரே குலம். ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைக்கும். அங்கே வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் மட்டும், பொறுமையோடு. எங்கேயும் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மர அலமாரியின் தலைக்கு வேறு வழி. கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். எண்ணெய் எண்ணெயை இளக்கும். பிறகு சோப்புத் துணி, பிறகு ஈரத் துணி, கடைசியில் உலர்ந்த துணி.

சிம்னியும் ஃபேனும்

பழைய டபிள்யூ.டி.எம்.2 என்ஜினில் காற்றை வடிகட்ட எண்ணெய்த் தொட்டி ஃபில்டர் உண்டு. காற்றை வளைத்துத் திருப்பினால் காற்று திரும்பும், கனமான துகள் திரும்ப முடியாமல் போய் மோதி ஒட்டிக்கொள்ளும். சிம்னியின் தகடும் வலையும் இதே தத்துவம்தான். ஒட்டியதை எடுக்காவிட்டால் காற்றுப் போக வழி இருக்காது. மோட்டார் இரையும், புகை வீட்டுக்குள்ளேயே நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், அது எரியும் பொருள். என்ஜினின் அடிப்பாகத்தில் எண்ணெய்க் கசடு சேரவிட்டால் தீப்பிடிக்கும் என்று ஷெட்டில் ஓயாமல் சொல்லி வந்தோம். வாணலி தீப்பற்றி நாக்கு மேலே எழும்போது சிம்னி வலையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தால் அதே கதைதான். வாணலி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காஸை அணைத்துத் தட்டால் மூடுங்கள்.

எவர்சில்வர் தகடானால் சோடா வெந்நீரில் அரை மணி நேரம் ஊறலாம். அலுமினிய வலைக்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும்தான், பழைய டூத் பிரஷ் துணைக்கு. எது எதுவென்று தெரியாவிட்டால் காந்தத்தையும் நம்ப வேண்டாம். எவர்சில்வரிலும் சில வகை காந்தத்தில் ஒட்டாது. சந்தேகம் வந்தால் அலுமினியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினில் எம்.சி.பி.யையும் இறக்குங்கள். இறக்கையைக் கழற்று முன் அது அச்சில் இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது, பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள். எல்லா இறக்கையையும் ஒரே அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றில் பிசுக்கை விட்டால் எடை மாறி ஃபேன் உதறும், பேரிங் சீக்கிரம் தேயும். மாட்டியபின் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

இடுக்குகளுக்கு என் ஆயுதங்கள் மிக எளியவை. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, இரும்பு ஸ்கேலில் துணி சுற்றி ரப்பர் பேண்டு போட்டது. உயரத்துக்கு, ஒட்டடைக் கம்பில் மாட்டிய பழைய காலுறை. குழாயின் பின்பக்கத்துக்கு, குளிக்கும்போது முதுகு தேய்ப்பது போல இரு கையாலும் இழுக்கும் நாடா. காஸ் ரப்பர் குழாயை மட்டும் சோடாவால் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு, லேசான சோப்புத் துணியால் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா, குழாயில் அச்சிட்ட தேதி என்ன என்று பாருங்கள். ஐந்து வருடமானால் குழாயை மாற்றிவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அது ஷெட் வழக்கம், மூடிய சமையலறைக்கு எமன். பிளீச்சிங் திரவத்தோடு ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் கிளம்பும், மூச்சை அடைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் சமையல் சோடாவும் வினிகரும் கலந்த நுரை பார்க்க அழகு. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றை ஒன்று அழித்துவிட்டு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அடைத்த குழாய்க்கு என்று காஸ்டிக்கைத் தொட நேர்ந்தால், தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், நாற்காலி, சமையல் மேடை இவற்றில் ஏறி நிற்பது அறுபது வயதுக்கு மேல் யாருக்கும் கூடாது. அகலமான படியுள்ள மடக்கு ஏணி, ஒருவர் ஏற, ஒருவர் பிடிக்க. ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால் வேலை மறுநாளுக்கு.

வாரத்துக்குப் பத்து நிமிடம்

ரயில்வேயில் என்ஜின் பழுதாகும் வரை காத்திருப்பதில்லை. அட்டவணைப்படி ஷெட்டுக்கு வந்தாக வேண்டும். எங்கள் சமையலறைக்கும் இப்போது அட்டவணை உண்டு. சனிக்கிழமைதோறும் கோட்டுக்கு மேல் உள்ள இடங்களைச் சோப்புத் துணியால் துடைப்பேன், பத்து நிமிடம். பிசுக்கு இன்னும் எண்ணெயாக இருக்கும்போதே போய்விடும். மாதம் ஒருமுறை சிம்னி வலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேன். அடுப்புக்குத் தள்ளி இருக்கும் அலமாரிகளின் தலையில் பழைய செய்தித்தாள் விரித்திருக்கிறேன். அழுக்கானால் சுருட்டி எறிந்துவிட்டு வேறு விரிப்பேன். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் காகிதம் கிடையாது.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு என் மனைவியின் மணிக்கட்டு முழுமையாகப் பழைய நிலைக்கு வரவில்லை. சப்பாத்தி மாவை இப்போது நான்தான் பிசைகிறேன். குளிர்காலத்தில் வலிக்கிறது என்று சொல்லமாட்டாள், இடது கையால் டம்ளரை எடுப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கு வருவாள். கை எட்டுகிற மட்டும் விரலால் தடவிப் பார்ப்பாள். ஷெட்டில் எந்த இன்ஸ்பெக்டரிடமும் நான் இப்படிப் பயந்ததில்லை. போன வாரம், "அந்த ட்யூப் லைட் மேலே பார்க்கலை போல இருக்கே" என்றாள். பார்க்கவில்லை, உண்மைதான்.

பொங்கல் வருகிறது. போகிக்கு வீட்டைத் துடைக்கத் தொடங்கும் முன், நம் வீட்டு ஆண்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சமையலறையில் நிமிர்ந்து நின்று அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் உள்ளதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். ஏணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். இதைவிட நல்ல முறைகள் தெரிந்த சகோதரிகள் சங்க மலருக்கு எழுதினால் அடியேன் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.